பொலி உருளை

ஆமத்தூர் செல்லப்பாண்டிக்குப் புதுசு என்றால் பைத்தியம். 1959 ஐப்பசியில் விவசாய ஆபீசர் மூன்று வகை உருளைக்கிழங்கு விதையைக் கொடுத்து, இந்த வெயிலையும் மண்ணையும் எது தாங்குகிறது என்று நட்டுப் பார்க்கச் சொன்னதும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். இடத்துக்கு எங்கே போவது? தண்ணீர் பாய்வது கிணற்றடித் துண்டு ஒன்றுதான். அது அவர் மனைவி இருளம்மாளின் மிளகாய் ராஜ்ஜியம்.

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அவள் ஒரு போகத்துக்கு மட்டும் இறங்கி வந்தாள். எந்தக் கிழங்கு இங்கே தோது என்று ஆபீசர் எழுதிக் கொடுத்தால் நிலம் அவருக்கு. கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் மிளகாய்தான், அப்புறம் பேச்சே கூடாது என்றாள்.

தை மாதம் தோண்டுகிற அன்றைக்கு, தராசோடு ஆபீசரைக் கூட்டிவர செல்லப்பாண்டி விருதுநகருக்குப் போனார். மூன்றையும் தனித்தனியாக வை என்று சொல்ல மறந்துவிட்டார். சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. விளைச்சலைக் களத்தில் பொலி என்கிற ஒரே குவியலாகக் குவித்து, ‘பொலி, பொலி’ என்று வாழ்த்தித்தான் அள்ளுவார்கள். பிரித்து வைத்தால் வீடே பிரிந்துபோகும் என்பது இருளம்மாளின் கட்சி.

வந்து பார்த்தால் மூன்றும் ஒன்றாகி மலைபோல் கிடந்தது. எது எந்த வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

விதை கொடுத்தவருக்குப் பதிலாகப் புதிதாக வந்திருந்த, பட்டணத்தில் பிறந்து வளர்ந்த ஆபீசர் இராமகிருஷ்ணன், “இது என்னம்மா?” என்று கேட்டார்.

“பொலிங்கய்யா,” என்றாள் இருளம்மாள் பெருமையாக.

அவர் ‘வகை: பொலி’ என்று எழுதிக்கொண்டார். மூன்று பாத்தி எடையும் அந்த ஒரு பேரில் ஏறியது. ஒரு வகை இம்புட்டு விளையுமா என்று மனுஷனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. செல்லப்பாண்டி வாயைத் திறந்திருக்கலாம். நிலம் போய்விடுமே! கம்மென்று இருந்துவிட்டார், கள்ளன். ஜெயித்த மிதப்பில் சொந்தபந்தத்துக்கெல்லாம் முறம் முறமாக வேறு அள்ளிக் கொடுத்தார்.

பங்குனியில் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பொலி வகையே இங்கே உகந்தது, நிலம் முழுக்க அதையே நடவும். அந்த விதை எங்களிடம் இல்லாததால் தாங்களே எடுத்து வைத்து, எங்களுக்கும் இரண்டு மூட்டை அனுப்பவும் என்று எழுதியிருந்தது.

சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த செல்லப்பாண்டியின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. “வீட்டுல கெளங்கு எம்புட்டு இருக்கு, இருளு?”

“ஊருக்கு அள்ளிக் குடுத்தது போக நாலு கெடந்துச்சு. நேத்துக் கொளம்புல போட்டேன். நீங்கதான ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனீக.” அவள் சிரிக்கவே இல்லை. “சொன்ன சொல்லு சொல்லுதேன். நெலம் ஒங்களுக்கு. போயி நடுங்க.”

ரெண்டு நாள் வெறும் நிலத்தையே சுற்றி வந்தார் செல்லப்பாண்டி. மூன்றாம் நாள் இருளம்மாளிடம் போய் மிளகாய் நாற்றுக் கேட்டார்.