நூலேணியும் மக்ரூனும்

1. நாலாவது படி

கப்பலில் ஏற இருபது படி. நான் நாலாவதில் நின்றுவிட்டேன். மேலே போக உடம்பு சம்மதிக்கவில்லை; கீழே இறங்க மானம் சம்மதிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் இன்னும் திறக்கவில்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். உப்பு மூட்டைகள் தோணியில் போகும். மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் நான். நூலேணி ஏறுகிறவனுக்குத்தான் கப்பல் டூட்டி. மற்றவனுக்குக் குடோன், எலிகளோடு ரிட்டயர் ஆகலாம்.

"ஏறுதியளா, இறங்குதியளா?" என்று கீழேயிருந்து கத்தினார், தோணியை நடத்தும் தண்டல் சவரிமுத்து.

"ரெண்டும் முடியல, அண்ணாச்சி."

"அப்பம் அங்கனயே இருங்க. கப்பல் கல்கத்தா போவும்போது கூடவே போயிரலாம்."

கடைசியில் மூட்டை தூக்கும் வலையை இறக்கி, வின்ச் பொறியைப் போட்டு என்னைத் தூக்கினார்கள். மேல்தளத்தில் சூப்பர்வைசர்.

"என்னவே இது? வயித்த அறுத்து மெலிஞ்சவரு நீர்தானா? ஒரு மாசம் தாரேன். ஏணில ஏறி வாரும். இல்லன்னா குடோன்தான்."

2. கரையும் பண்டம்

அறுத்தது உண்மை. இரண்டு வருஷம் முன்பு, அமெரிக்காவில் படித்துவந்த மெட்ராஸ் டாக்டர் ஒருவர் என் இரைப்பையைத் தைத்துச் சிறிதாக்கினார். நூற்றிருபது கிலோ எண்பதானது. உப்புத் தராசில் ஏறி நின்று ஊருக்கே காட்டினேன்.

"முதல் சில வாரம், வாயில போட்டா கரையுறதா சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார். 'முதல் சில வாரம்' என் காதில் தங்கவில்லை. மற்றதை வேதமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் மக்ரூன் முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும். நாக்கில் வைத்தால் காணாமல் போகும். டாக்டருக்கு இவ்வளவு கீழ்ப்படியும் பண்டம் வேறு ஊரில் கிடையாது. நாலு வாய் சோறு இறங்காத வயிற்றில் மக்ரூன் பொட்டலம் பொட்டலமாக இறங்கியது.

எடை ஏறியபோது தராசு துருப்பிடித்துவிட்டது என்றேன். பேன்ட் இறுகியபோது சலவைக்காரரைத் திட்டினேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. வெட்கம்.

3. அரைத்தல்

வலையில் தொங்கியபின் வெட்கப்பட என்ன மிச்சம்? போனேன். மக்ரூன் தத்துவத்தை விளக்கினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எடை திரும்புறது பல பேருக்கு நடக்கும். அது குத்தமில்ல. ஒளிஞ்சுக்கிட்டீங்க பாருங்க, அதான் குத்தம்."

இனிப்பு கூடாது, மீன், முட்டை முதலில், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை முப்பது தடவை மெல்லவேண்டும். சவரிமுத்துவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மத்தியானம் தோணியில் மீன்சட்டி திறந்ததும், மூட்டை எண்ணும் அதே ராகத்தில் ஆட்கள் நான் மெல்லுவதை எண்ணத் தொடங்கினார்கள். "பத்தொம்போது... ஏ, முழுங்கிட்டாரு! மொதல்லேருந்து எண்ணுங்க!"

மூட்டைகளை எண்ணிப் பிழைத்தவனை இப்படியும் பழிவாங்கலாம். ஆனால் பேன்ட் தளர்ந்தது.

மாதம் முடிந்தது. ஏணியில் கால் வைத்தேன். நாலாவது படியில் தோணி மொத்தமும் மூச்சைப் பிடித்தது. ஐந்தாவதில் சவரிமுத்து விசிலடித்தார். இருபதாவதில் தலை நீட்டியபோது சூப்பர்வைசர் குனிந்தார், முகமெல்லாம் பல்லாக.

"ஏறிட்டீரேவே! இந்தாரும்." கையில் மக்ரூன் பொட்டலம்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். என் மன உறுதியை இன்றும் புகழ்கிறார்கள். இளைஞர்களே, உண்மை இது: இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருந்தன. அன்று முதல் மக்ரூன் கடையைக் கடக்கும்போது எதையாவது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.