நாடி பார்க்க வந்தவள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அந்த டாக்டர் வாயாலேயே கேட்டேன்.

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் அவர். யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘எல்லாந்தெரிஞ்சவர்’.

தையல்காரி ஒருத்தி இருந்தாள். முப்பத்து நாலு வயது. பிறவியிலேயே இதய அறைகள் இடம் மாறியவள். இதயம் களைத்துப்போனதால் நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். இடுப்பில் அதற்கான பெட்டியும் பேட்டரியும். சாதாரண இதயம் போல அது ரத்தத்தை விட்டு விட்டுத் தள்ளாது, ‘ம்ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கையில் நாடி தெரியாது. ஆள் உயிரோடுதான் இருப்பாள்.

ஒரு மதியம் மயங்கி விழுந்தவளைத் தம்பி தூக்கி வந்தான். நான் அன்று விடுப்பு. பெட்டி ‘கீ... கீ...’ என்று கத்திக்கொண்டிருந்தது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நாடி இல்ல. முடிஞ்சுபோச்சு.”

“அக்காவுக்கு நாடியே இருக்காது சார்!”

“எனக்கே பாடம் எடுக்கறியா? வெளிய போ!”

சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பம்ப் நின்றது, அவள் உயிரும் போனது. மணி 3.42.

அவளுடைய பழைய ஃபைலை அப்புறம்தான் படித்தார். தான் செய்தது புரிந்தது. ஆனால் அறிக்கையில் எழுதியது, ‘பேட்டரி தீர்ந்து பம்ப் நின்றுவிட்டது’. தினமும் சார்ஜ் போடுவது தம்பியின் வேலை. அக்காவைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து அவன் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான்.

மூன்று வாரம் கழித்து. நல்ல வெயில் நேரம்.

3.20. இருமலுக்கு வந்த லாரி ஓட்டுநரின் கையை டாக்டர் பிடித்தார். நாடி இல்லை. ஆளோ வாய் ஓயாமல் பேசுகிறார்!

“என்ன சார், கையை விடவே மாட்டேங்கறீங்க?”

3.31. காய்ச்சலோடு வந்த டீச்சர். அவருக்கும் நாடி இல்லை.

“சிஸ்டர், உங்க கையைக் குடுங்க.”

கொடுத்தேன். பிடித்துப் பார்த்தவரின் முகம் வெளிறிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே போகச் சொன்னார்.

அறைக்குள் ஒரு சத்தம்... ம்ம்ம்ம்... ஃபேன் ஓடவில்லை.

தன் மணிக்கட்டைத் தொட்டார்.

இல்லை.

கழுத்தைத் தொட்டார்.

இல்லை...

3.42.

எதிர் நாற்காலியில் அவள். இடுப்பில் பெட்டி. பிடுங்கிய வயர் தொங்கியது. சில்லென்ற விரல்கள் அவர் கையைப் பிடித்தன.

“நாடி இல்லையே டாக்டர்... எழுதிடலாமா?”

அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அத்தனை நோயாளிகள் முன்னால் கத்தினார். “பேட்டரி இருந்துச்சு! நான்தான் பிடுங்கினேன்! தம்பி மேல தப்பில்ல!”

உள்ளே எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. சத்தம் மட்டும்... ம்ம்ம்ம்...

அவருக்கு வேலை போனது, வழக்கும் வந்தது. எனக்குப் பாவமாகவே இல்லை. அவர் இதயம் நன்றாகத் துடிப்பதாக மெஷின் சொல்கிறது. கையில் மட்டும் இன்றுவரை யாருக்கும் நாடி அகப்படவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிணவறைக்காரர் அந்தத் தையல்காரியின் உடலைப் பற்றி என்னிடம் சொன்னார்.

“கையை நேரா வெச்சுக் கட்டித்தான் அனுப்பியிருந்தாங்க சிஸ்டர். நான் துணியைப் பிரிச்சப்போ, அந்தம்மா தன்னோட மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. விரலை எடுக்கவே முடியல...”