வாத்தியார் உயிலுக்கு இரண்டு சாட்சி

பத்திர ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உயில் எழுதிப் பிழைத்தவன் நான். எங்கள் தொழிலில் எழுதுவது சுலபம், ஆளைக் கையெழுத்துப் போட உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் வீட்டிலும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிற ஒருத்தர் இருப்பார், ஆகையால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஈஸ்டர் போகட்டும்

இரும்புலியூர் தேவசகாயம் வாத்தியாருக்குப் பிள்ளை இல்லை. கிறிஸ்தவர்கள் சட்டப்படி, உயில் எழுதாமல் கண்ணை மூடினால் வீட்டில் பாதிதான் மனைவிக்கு. மறுபாதி பள்ளிக்கரணையில் இருக்கும் அவர் தம்பிக்கு. "கடைசிக் காலத்துல அவ யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது" என்று வந்தவர், நான் பேப்பரை எடுத்ததும் பின்வாங்கினார். லெந்து என்கிற நோன்பு நாளில் சாவைப் பற்றி எழுதுவதா, ஈஸ்டர் போகட்டும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எமன் உங்க காலண்டரைப் பாத்தா சார் வருவான்?" என்றேன். நான் நாளைக்கே என்க, அவர் அடுத்த மாதம் என்க, இழுத்துப் பிடித்து, வருகிற சனிக்கிழமை என்று பேசி முடித்தேன். போகும்போது சொன்னார்: "இந்த மனையை வாங்கும்போதுகூட நான் இவ்வளவு பேரம் பேசலப்பா."

அவசரக் கையெழுத்து

வீடு முழுசும் மனைவிக்கு என்று எழுதிய உயிலோடு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். இரண்டு சாட்சி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். வருகிறேன் என்ற போஸ்ட்மாஸ்டரைப் பதினோரு மணி வரை காணோம். எனக்கா பொறுமை? காபி கொண்டுவந்த வாத்தியாரம்மாவிடமே பேனாவை நீட்டி, "நீங்களே போடுங்கம்மா" என்றேன். போட்டுவிட்டுச் சிரித்தார்: "கல்யாணத்தன்னைக்குச் சர்ச் ரிஜிஸ்டர்லயும் இவர் இப்படித்தான் என்னை அவசரப்படுத்தினார்."

செங்கல்பட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது

அடுத்த வாரம் செங்கல்பட்டுக் கோர்ட் வாசலில் ஒரு வக்கீலிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். கிறிஸ்தவர் உயிலில் சாட்சி போட்டவருக்கு எழுதிய சொத்து செல்லாதாம். உயில் நிற்கும், அம்மாவுக்கு வீடு நிற்காது. இந்துக்கள் உயிலில் பெண்டாட்டியே சாட்சி போட்டு எத்தனையோ பார்த்தவன் நான், "எந்த மடையன் எழுதின சட்டம் இது?" என்று அவரிடமே எகிறினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மடையன் யாருன்னு அப்புறம் பேசலாம், வாத்தியார் உயிரோட இருக்கும்போதே வேற எழுதி வாங்கு."

நாலு தென்னை

திரும்பி வந்தால் வாத்தியார் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில். புது உயிலோடு ஓடினேன். தெளிவாகத்தான் இருந்தார், வாசித்தேன், தலையாட்டினார். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் ஒரு சாட்சி. நர்ஸம்மா மாட்டேன் என்றுவிட்டார். மிச்சம் இருந்தது பள்ளிக்கரணைத் தம்பி ஒருவர்தான். "இன்னா ரைட்டரே, கூடப் பொறந்தவனுக்கு ஒண்ணும் கெடையாதா? கிணத்தாண்ட கீற நாலு தென்னையாவது எனக்கு எழுது, சாட்சி போடறேன்" என்றார்.

சாட்சி போட்டால் மரம் செல்லாதே! வாயைத் திறக்காமல் நாலு தென்னையையும் எழுதினேன். வாத்தியார் அதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தம்பியும் சந்தோஷமாகப் போட்டார்.

பத்து நாளில் வாத்தியார் போய்விட்டார். வீடு முழுசும் அம்மாவுக்கே. தென்னை சட்டப்படி தம்பிக்குப் போகாது என்று அம்மா காதில் போட்டேன், ஒரு சபாஷ் கிடைக்கும் என்ற நினைப்பில். அவர் சொன்னார்: "குடுக்கறேன்னு அவர் கையெழுத்துப் போட்டாரு இல்ல, மரம் கொழுந்தனுக்குத்தான், செல்லாதுன்னு நீங்க அவர்கிட்ட போய்ச் சொல்லிடாதீங்க."

ஆகவே உயிலை உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள், சொத்தில் பங்கில்லாத ஆளாகப் பார்த்துச் சாட்சி வையுங்கள், என்னைப்போன்ற அவசரக்காரனிடம் மட்டும் போகாதீர்கள்.