கொஞ்சம் குழாய்த் தண்ணீர்

கழுத்தில் தொங்கும் அட்டை அவரை ‘இல்ல ஆரோக்கியத் தூதர்’ என்கிறது. அதற்குக் கீழே, ‘புன்னகையோடு தூய்மையை வீடு தேடிக் கொண்டுவருபவர்’ என்று ஒரு வரி. அட்டையில் உள்ள புகைப்படத்தில்கூட மனிதர் சிரிக்கவில்லை. வலிக்கிற முழங்காலோடு மூன்று மாடி ஏறிவந்து, மணியை அழுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. இந்த வீட்டு மெஷினில் பழுதே இல்லை. அதைச் சொல்லத்தான் போன மாதமும் வந்திருந்தார்.

“வாங்க தம்பி,” என்றாள் வீட்டுக்கார அம்மாள். தலை நரைத்த பிறகும் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பதில் அவருக்கு ஓர் அற்ப ஆறுதல். “பழைய புகார்தான். இவர் குடிக்க மாட்டேங்கிறார்.”

‘இவர்’ ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சாப்பாட்டு மேசையில், தொடாத ஒரு டம்ளர் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“மெக்கானிக், நீயே குடிச்சுப் பாரு. வெறும் டம்ளரைக் குடிச்ச மாதிரி இருக்கும்.”

“சுத்தமான தண்ணி அப்படித்தான் ஐயா இருக்கும்.”

“அப்ப இத்தனை வருஷமா நான் குடிச்சது என்ன, சாராயமா?”

“அதுவும்தான்,” என்றாள் அம்மாள்.

மெக்கானிக்கைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். “சிறுநீரகத்துல கல்லு வந்து துடிச்சுப் போயிட்டார். நிறைய தண்ணி குடிங்கன்னார் டாக்டர். குழாய்த் தண்ணியாலதான் வந்துச்சுன்னு மக இதை வாங்கி மாட்டிட்டுப் போயிட்டா. இப்ப முன்னே குடிச்ச அளவுகூடக் குடிக்கிறதில்ல. நேத்திலேருந்து திரும்ப இடுப்பைப் பிடிச்சுக்கிறார். எது தம்பி உடம்புக்கு நல்லது? உண்மையைச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. குழாய்த் தண்ணீர் என்றதும் முகம் சுளிக்கக் கம்பெனியில் பயிற்சியே உண்டு. அதே கம்பெனிதான் மெஷினுக்குள் ஒரு சின்னத் திருகையும் வைத்திருக்கிறது. திறந்தால் சுத்திகரித்த நீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீர் சேரும். கிருமியைக் கொல்லும் விளக்கு இரண்டுக்கும் பொது. கையேட்டில் இதற்குப் பெயர், மரியாதையாக, ‘சுவைத் திருத்தம்’.

வம்பு என்னவென்றால், திறந்தால் நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் கணக்கு ஏறும். மகள் பேனா மாதிரி ஒரு கருவி கொடுத்திருக்கிறாள். அம்மா அதை நனைத்து, வரும் எண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். வேறொரு வீட்டில் எண் ஏறியதைப் பார்த்து, சாக்கடையைக் கலந்துவிட்டதாகப் புகார் போய், மெக்கானிக் மேனேஜர் அறையில் கைகட்டி நின்றிருக்கிறார். அதற்கப்புறம் திருகின் பக்கமே போவதில்லை.

“ஊருக்கு ஊர் மாறும்மா,” என்றார் சலிப்போடு. “சில இடத்துல மெஷின் இல்லாம குடிச்சா ஆபத்து. இந்தத் தெருவுல தண்ணி நல்லாத்தான் வருது. கீழே குழாயிலதான் நானே பாட்டில் பிடிச்சேன். குடிக்காம வச்சிருக்கிற தண்ணி எவ்வளவு சுத்தமா இருந்து என்ன பண்ண? மகளுக்குப் போன் போடுங்க.”

திருகைத் திறந்து கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலக்கப்போவதாக மெக்கானிக் சொன்னதை மகள் முழுதும் கேட்டுவிட்டுப் பொரிந்தாள். “குழாய்த் தண்ணிதான் கலக்கணும்னா மெஷின் எதுக்குண்ணே? குழாயே போதுமே!”

நியாயமான கேள்வி. பல வருடமாக அவரிடமும் இருக்கிறது.

“நம்பர் ஏறும்மா, பயப்படாதீங்க. அப்பா குடிக்கணும். அதுக்குத்தான்.”

“நான் கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்.”

“பண்ணுங்கம்மா. கலந்தது நான்தான்னே சொல்லுங்க.”

மகள் சின்னக் குரலில் கேட்டாள்: “கலந்தா குடிப்பாராண்ணே?”

“முதல்ல ஊத்தச் சொல்லுடி!” என்றார் டிரைவர் மேசையிலிருந்து.

கலந்து வந்த முதல் டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். பாராட்டு ஏதும் இல்லை. டம்ளரை மறுபடி நீட்டினார்.

அன்று மெக்கானிக் செய்தது இதுதான்: மெஷினில் ஒரு திருகைத் திறந்து கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்தார், கலப்பதற்கு முன் மகளிடம் சொன்னார்.