முப்பத்தேழு வினாடிக் குரல்

பென்டா ந்தோய் கயார் கடற்கரையில் மத்தி காயவைத்து விற்பவள். வயது முப்பத்து நான்கு. இதே கரையில் படகுகள் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் முப்பத்தொரு வருடமாகப் பதிவேட்டில் எழுதுபவன் நான்.

அவள் கணவன் அலியூன் போனது 2021 அக்டோபர் 14, வியாழக்கிழமை. மீன்பிடிக்க என்று சொல்லிப் படகைப் பதிந்தார்கள். நாற்பது பீப்பாய் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு யாரும் மத்தி பிடிக்கப் போவதில்லை. அதில் ஏறிய அறுபத்து மூன்று பேரும் பிழைப்புக்காகத் திருட்டுத்தனமாக ஸ்பெயினுக்குத்தான் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மறுநாள் பென்டாவின் கைப்பேசிக்கு அவன் குரல் வந்தது. மொத்தம் முப்பத்தேழு வினாடி. மோட்டார் நன்றாக ஓடுகிறது, கடல் அமைதி, என் பூட்ஸை யாருக்கும் கொடுத்துவிடாதே. அதன் பிறகு எதுவும் வரவில்லை. என் பதிவேட்டில் திரும்பிய நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

ஒரு வருடம் போனதும் மாமியார் அஸ்து துக்கத்துக்கு உட்காரச் சொன்னாள். நாலு மாதம் பத்து நாள் உட்கார்ந்து எழுந்தால் கொழுந்தன் இப்ராவுக்குக் கட்டிவைப்பதாக ஏற்பாடு. உடலைக் காட்டாதவரை நான் விதவை இல்லை என்று பென்டா மறுத்துவிட்டாள். பூட்ஸைக் கேட்டு வந்த இப்ராவையும் விரட்டினாள்.

பிறகு தலைநகர் டாக்காரிலிருந்து கினே என்ற கலைஞி வந்து, பழைய ஐஸ் கிடங்கில் உடைந்த படகு ஒன்றை நிறுத்தினாள். அதன் பலகைகளில் கை வைத்தால் ஒரு குரல் பேசும், சுவரில் ஓர் ஆளின் நிழல் எழும். கையை எடுத்தால் இரண்டும் போய்விடும். கரை சேர்ந்தவர்கள், பாதியில் திரும்பியவர்கள், தகவல் இல்லாதவர்கள் என்று பலருடைய குரல்களை வாங்கியிருந்தாள். செத்தவர்களோடு சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் பென்டா அலியூனின் குரலைக் கொடுத்தாள். கினே அப்படியே செய்தாள். அவள்மேல் குறை சொல்ல முடியாது.

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை, திறப்பு விழா. இமாமும் பெரியவர்களும் முன்னால் இருந்தோம். அஸ்து பலகையில் கை வைத்தாள். மகன் பேசினான். பூட்ஸ் என்ற சொல்லோடு குரல் நின்றது. அவள் கையை எடுத்தாள், நிழல் அமிழ்ந்தது. எடுத்த கையை அப்படியே ஏந்தி, "அல்லா அவன்மேல இரக்கம் வைக்கட்டும்" என்றாள்.

எங்கள் ஊரில் அது இறந்தவர்களுக்கு மட்டும் சொல்வது. பழக்கத்தில் எல்லோருடைய கைகளும் உயர்ந்தன. ஆமீன் என்றோம். இமாம் இருக்கும் சபை ஆமீன் சொன்னால் அது ஜனாசா என்னும் இறுதித் தொழுகைக்குச் சமம், திரும்பப் பெற முடியாது. கினே நெகிழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெண்கள் அரிசியும் கோலாக் கொட்டையுமாகத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். பென்டா வாசலை மறித்து நின்றாள்.

"யாரு செத்தா இங்க? கருவாடு வாங்க வந்தீங்கன்னா கடற்கரைக்குப் போங்க."

அஸ்து உள்ளேயிருந்து வந்தாள். "ரெண்டு வருஷமா எனக்கு அழணும்டி. நீ அழவிட மாட்டேங்கிற. உன் பிடிவாதத்துக்கு என் கண்ணீரைப் பூட்டி வச்சிருக்க."

பென்டா வாசலிலிருந்து நகர்ந்து வழிவிட்டாள்.

பெரியவர்கள் என்னிடம் வந்து, பதிவேட்டில் முடிவு எழுதச் சொன்னார்கள். இறந்த தேதி தெரியாதே என்றேன். திறப்பு விழாத் தேதியையே போடச் சொன்னார்கள். போட்டேன். என் பதிவேட்டில் நான் பார்க்காததை எழுதியது அந்த ஒரு வரிதான்.

ஜூனில் பென்டாவின் துக்கம் முடிந்தது, ஜூலையில் இப்ராவோடு நிக்காஹ். ஆகஸ்டில் கினேயின் படகைப் பெட்டியில் அடைத்து ஸ்பெயினுக்குக் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். அலியூனின் குரலும் அதோடு போனது.

போன வாரம் பென்டா என் மேசைக்கு வந்தாள். வெளியே இப்ரா படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தான், காலில் அந்தப் பூட்ஸ். அலியூனின் படகைப் பதிந்த பழைய பக்கத்தைக் காட்டச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினேன்.

"மாமா, நீங்களும் அன்னிக்கு ஆமீன் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதையும் எழுதுங்க."

அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வரிக்குக் கீழே என் பெயரைப் போட்டு, ஆமீன் சொன்னேன் என்று எழுதினேன்.