படிக்கு நடுவே ஒரு கோடு

வீட்டுக்காரர் செத்து, துக்கம் கேட்க வந்தவர்கள் கலைவதற்குள் மூத்த மகன் இளையவனின் முன்பல் இரண்டை உடைத்தான். மாடி அறையில் வேலையாக இருந்த காஜாக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். இளையவன் முற்றத்தில் குனிந்து, வாயிலிருந்து வழிந்ததை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையால் மண்ணில் பல்லைத் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்ததும் அதை அண்ணன் முகத்தில் எறிந்தான்.

காஜாக்கா என்பது தொழில் வைத்த பெயர். சட்டையில் பொத்தான் நுழையும் துளையைப் பிரியாமல் சுற்றித் தைப்பதற்குத்தான் காஜா என்பார்கள். தையல்கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக அவளிடம் வரும். காஜா எடுத்து, பொத்தான் வைத்து, மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவாள். காஜா எடுக்கும் அந்த இரும்பு மெஷினைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அதன் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதென்று அவளே சொல்வாள். வேண்டாத பேச்சு வரும்போது மீதிக் காதும் போய்விடும்.

அந்த அறைக்கு அவள் வந்தது கழுத்தெலும்பு உடைந்து. உடைத்தவன் கட்டியவன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவளை வீட்டுக்காரக் கிழவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாத கதவு அவள் வாழ்க்கையில் அதுதான் முதல். புருஷன் மூன்று தடவை அந்தக் கதவை உதைத்துப் பார்த்தான். நான்காவது தடவை அவளே திறந்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அவன் புறங்கையில் வைத்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போன பின்னும், தன்னோடு வந்து இரு என்று கூப்பிட்ட பின்னும், அவள் அந்த அறையை விடவில்லை. வேறு எங்கேயும் தூக்கம் வராது என்றாள்.

கிழவர் சாகும்முன் பிள்ளைகளிடம் இடப்பக்கம் மூத்தவனுக்கு, வலப்பக்கம் இளையவனுக்கு என்று வாயால் சொல்லியிருந்தார். எழுதவில்லை. மாடியைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில், இரு சுவர்களுக்கிடையே ஏறிப்போனது மாடிப்படி. படிக்கட்டு யாருக்கு என்பதில்தான் பல் போனது. கடைசியில் மூத்தவன் ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து, கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை நடுவில் கோடு இழுத்தான். இடது பாதி தனக்கு, வலது பாதி தம்பிக்கு. தம்பியும் அதற்கு ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் மனிதர்கள் ஒருக்களித்து ஏறி ஒருக்களித்து இறங்கினார்கள்.

காஜாக்காவிடம் இரண்டு பேருமே வாடகை கேட்டார்கள். மூத்தவன் மரக்கடைக்காரன், குரலே ரம்பம் மாதிரி இருக்கும். இளையவன் லாரி ஓட்டுகிறவன். சிரித்துப் பேசுவான், சிரிக்கும்போது அந்த இடைவெளி தெரியும். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் காலி செய்யச் சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் வேலை செய்துகொடுக்கும் தையல்கடைக்குக் கறுப்புக் கோட்டோடு ஒரு வக்கீலம்மா வருவாள். சின்ன வயசு, கோட்டு மட்டும் பழசு. பொத்தான் நிற்பதே இல்லை. காஜாக்கா அதைத் தைத்துக் கொடுத்துக்கொண்டே, வாடகையை யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். வக்கீலம்மா சொன்னது இது: பாகம் பிரித்து முடிக்கிற வரைக்கும் இந்தச் செங்கல் எனது, அந்தச் செங்கல் உனது என்று எவனும் சொல்ல முடியாது. எல்லாச் செங்கலிலும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அதனால் ஒருத்தன் தனியாக உன்னை விரட்டவும் முடியாது, கையில் வாங்கிக்கொண்டு இன்னொருத்தனை ஏமாற்றவும் முடியாது. வாடகையைக் கோர்ட்டில் கட்டு.

இதைக் கேட்டதும் கடையில் இருந்த எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தால் என்ன செய்வது, வீட்டுக்காரன் சொல்லாமல் உள்ளே வரலாமா, தண்ணீரை நிறுத்தலாமா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். கத்தரி பிடிக்கும் மாஸ்டர், பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தால் வீடு குடியிருப்பவனுக்கே ஆகிவிடும் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

"மாஸ்டர், நீங்க மாசாமாசம் வாடகை கொடுக்குறீங்களா இல்லையா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"கரெக்டா கொடுத்துடுவேன்."

"அப்போ வீடு அவருதுன்னு நீங்களே மாசாமாசம் ஒத்துக்குறீங்க. அப்புறம் எப்படி உங்களுது ஆகும்?"

மாஸ்டர் யோசித்துவிட்டு, ஒழுங்கா இருக்கிறவனுக்கு எதுவும் கிடைக்காது என்று துணியைப் பார்த்துச் சொன்னார்.

கோர்ட்டில் வாடகை கட்டியது தெரிந்த அன்று மூத்தவன் அவளைப் படியில் வழிமறித்தான். தலையில் மூட்டையோடு ஏறியவளின் இடது கால் கோட்டைத் தாண்டியிருந்தது. என் படியில் ஏன் மிதித்தாய் என்று கேட்டுக்கொண்டே அவள் கொண்டையைப் பிடித்து நாலு படி கீழே இழுத்தான். முழங்கால் கல்லில் உரசித் தோல் சுருண்டது. அவள் இடுப்பில் செருகியிருந்த பெரிய கத்தரியை உருவி, பிடிப்பக்கத்தால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கை விட்டது. அடுத்த வாரம் தண்ணீர்க்குழாயை உடைத்தான். அதற்கடுத்து மின்சார வயரைக் கோடரியால் வெட்டினான். வெட்டியதில் அவனுக்கே ஷாக் அடித்து முற்றத்தில் மல்லாந்து விழுந்தான். இளையவன் வாசலில் நின்று கைதட்டினான். மூத்தவன் எழுந்ததும் முதல் வேலையாகத் தம்பியின் லாரிக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தான். காஜாக்கா போலீசுக்கும் போனாள், வக்கீலம்மாவிடமும் போனாள். வயர் திரும்பி வந்தது. குழாய் வரவில்லை; குடத்தில் தண்ணீர் சுமந்தாள், படியின் வலது பாதியில்.

பிறகுதான் மூத்தவன் அந்த முடிவுக்கு வந்தான். மரக்கடையில் பிறந்து வளர்ந்தவன். மரத்தை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு பலகை கிடைக்கும், இரண்டும் தனித்தனியே நிற்கும். கல்லையும் அப்படித்தான் நினைத்தான். அந்தப் படிகளோ ஒவ்வொன்றும் ஒரே கற்பலகை. இரண்டு முனையும் இரண்டு சுவரில் கொஞ்சம்போலப் புதைந்து நிற்பவை. நடுவில் வெட்டினால் எந்தப் பாதிக்கும் பிடிப்பு இருக்காது. கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் தன் பாதியை வெட்ட எவனைக் கேட்க வேண்டும் என்பது அவன் வாதம். கல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, கடை ஆள் ஒருவனையும் கூட்டிக்கொண்டு காலையில் வந்தான்.

சுவர் நடுங்கியதில்தான் காஜாக்காவுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தால் கல்தூசிப் புகை. மேலேயிருந்து மூன்றாவது படியில் நின்றுகொண்டு, மூத்தவன் மேல்படியைச் சிவப்புக் கோட்டின்மேலேயே அறுத்துக்கொண்டிருந்தான்.

"நான் மேல இருக்கேன்" என்றாள்.

"இரு. யாரு வேண்டாம்னா? அவன் பக்கம் இருக்குல்ல, அதுல இறங்கு."

"விழுந்துடும்ப்பா."

"என் பாதி விழுந்தா உனக்கென்ன வலிக்குது?"

மேல்படி அறுந்ததும் இரண்டு பாதியும் சேர்ந்தே போயின. அவை அடுத்த படியில் மோதின, அது அதற்கடுத்ததை உடைத்தது. மூத்தவன் நின்ற கல் காலடியில் இல்லாமல் போனது. கையிலிருந்து நழுவிய மெஷின் சுழன்றுகொண்டே கீழே விழுந்து கடை ஆளின் பாதத்தைப் பிளந்தது; அவன் தெருவுக்குத் தவழ்ந்துகொண்டே அலறிய அலறல் தெருமுனைவரை கேட்டதாம். மூத்தவன் மட்டும் விழவில்லை. சுவரில் புதைந்து உடைந்து நீட்டிக்கொண்டிருந்த கல்முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். கீழே உடைந்த கற்கள், முனை மேலே பார்த்துக் கிடந்தன.

காஜாக்கா குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள், எட்டவில்லை. உள்ளே ஓடி, முடித்து வைத்திருந்த சட்டை மூட்டைகளைத் தூக்கி வந்து அவன் காலுக்கு நேராகக் கற்கள்மேல் போட்டாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதோடு திரும்பியபோது இளையவன் வந்திருந்தான். கையில் லாரி ஜாக்கிக் கம்பி.

அவன் இடிபாட்டின்மேல் ஏறினான். தொங்குகிற அண்ணனை அண்ணாந்து பார்த்தான். காப்பாற்றத்தான் ஏறுகிறான் என்று அவள் நினைத்தாள்.

"தம்பி, காலைப் பிடிடா" என்றான் மூத்தவன்.

இளையவன் கம்பியால் அவன் வலது கை விரல்களில் அடித்தான். சுள்ளி முறிகிற சத்தம். இடது கை இன்னும் விடவில்லை. அதிலும் அடித்தான். மூத்தவன் பாதி உடம்பு மூட்டையிலும் பாதி கல்லிலுமாக விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கியது. காதோரம் பிளந்து வெள்ளைச் சட்டைகள் மேல் ரத்தம் பரவியது. இளையவன் கம்பியைத் துடைத்தான், அப்புறம்தான் மேலே பார்த்தான்.

"அக்கா" என்றான். "அண்ணன் வழுக்கி விழுந்துட்டான். அவ்வளவுதான் நீங்க பாத்தது. மேல் ரூம் இனி உங்களுது, சாகுற வரைக்கும். எழுதியே தரேன்."

போலீஸ் வந்து, ஏணி வைத்து அவளை இறக்கி, ஆஸ்பத்திரிக்குப் போன மூத்தவன் பிழைப்பானா என்று தெரியாததால் அவள் வாக்குமூலம் நாளைக்கு என்று சொல்லிப் போனார்கள். சாயங்காலம் மூத்தவன் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். துணியெல்லாம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. மேலே திரும்பியிருந்த காஜாக்காவைப் பார்க்க அவளும் ஏணியில்தான் ஏறினாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. படியை வெட்டியதும் தம்பிதான், அடித்துத் தள்ளியதும் தம்பிதான் என்று சொல்ல வேண்டும் என்றாள். தன் புருஷன் மெஷினைத் தொடவே இல்லை என்று சொன்னால் ஆயுசுக்கும் இந்த அறையில் இருக்கலாம். அவளும் எழுதித் தருவாள்.

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா எங்க வீட்டு ஆம்பளைங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. கதவு மரக்கதவுதானே."

அவள் போன பின் காஜாக்கா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வக்கீலம்மாவுக்குப் போன் செய்தாள். ஒருத்தர் மட்டும் எழுதிக் கொடுத்தால் செல்லுமா என்றுதான் கேட்டாள்.

"பாகம் பிரிக்காத வீட்டுல ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தரைக் கட்டாது அக்கா. தன்கிட்ட இல்லாததைத்தான் ரெண்டு பேரும் உங்களுக்குத் தர்றாங்க. சாட்சில என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்ல."

"நான் அதைக் கேக்கலையே" என்றாள் காஜாக்கா.

மறுநாள் ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வெட்டியது மூத்தவன். தொங்கியவன் விரலில் அடித்தது இளையவன், இரண்டு அடி. கேள்வி கேட்ட போலீஸ்காரர், அந்த வீட்டிலேயேதான் இன்னும் குடியிருக்கப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு தடவை பார்த்தார். ஸ்டேஷனிலிருந்து நேராகத் தையல்கடைக்குப் போய், ரத்தம் பட்ட சட்டைகளுக்கு மாஸ்டரிடம் பேச்சு வாங்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலிருந்தும் அடி வந்தது. மூத்தவன் மைத்துனன் கதவைக் கடப்பாரையால் நெம்பினான்; அவள் கொதிக்கிற தண்ணீரை இடுக்கு வழியாக ஊற்றினாள். இளையவன் ஜாமீனில் வந்த அன்று ஏணியை அடியில் உதைத்தான், அவள் அதில் பாதி ஏறியிருந்தபோது. உடைந்தது பழைய கழுத்தெலும்பேதான். கட்டுப்போட்ட டாக்டர் முன்பு எப்போது உடைந்தது என்று விசாரித்ததற்கு, அது வேறு ஆள் என்றாள். இளையவனின் ஜாமீன் ரத்தாகி மறுபடி உள்ளே போனான்.

ஒரு வருஷத்தில் மூத்தவன் பிழைத்து எழுந்தான், இளையவன் வெளியே வந்தான், அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள். இருவருக்கும் பிடிக்காத ஆள் உலகத்தில் ஒருத்திதான் மிச்சமிருந்தாள். மூத்தவன் கோணலாக ஒட்டிய விரல்களால் கையெழுத்துப் போட்டான், இளையவன் பக்கத்தில் போட்டான். பாகப்பிரிவினைக்கு இணங்காதவர்கள் இதற்கு இணங்கினார்கள். காலி செய்யச் சொல்லி, வக்கீல் மூலம் முறையாக நோட்டீஸ் வந்தது. வக்கீலம்மா படித்துவிட்டு, இந்தத் தடவை சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றாள். இழுக்கலாம், வாய்தா வாங்கலாம், ஆனால் முடிவில் போகத்தான் வேண்டும், வீடு அவர்களுடையது.

"அடிக்காம கேட்டா போகமாட்டேன்னா சொன்னேன்?" என்றாள் காஜாக்கா. "இவ்வளவு நாளா கேக்கத் தெரியலையே அவங்களுக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்தாள். கோர்க்க ரொம்ப நேரமானது.

அவகாசம் வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் ஒரு அறை பார்த்தாள். பார்த்த அன்றே கதவின் உள்பக்கத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். தாழ்ப்பாள் மெல்லியதாக இருந்தது, மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினாள். படி இல்லாததால் மெஷினைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும் என்றானது. இறக்கித் தர வேண்டியது வீட்டுக்காரர்கள் பொறுப்பு என்று வக்கீலம்மா எழுதி வாங்கியிருந்தாள். மரக்கடை ஆட்கள் நாலு பேர் மேலே நின்று கயிறு விட்டார்கள். கீழே மூத்தவன் ஊன்றுகோலோடு நின்றான், இளையவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மெஷின் ஆடி ஆடி இறங்கி, முற்றத்தில் தொப்பென்று உட்கார்ந்தது.

"ஏன்டா, என் பக்கம்தான் கிடைச்சுதா? கல்லு பேந்துடுச்சு பாரு" என்றான் மூத்தவன்.

"எது உன் பக்கம்?"

காஜாக்கா கைவண்டிக்காரனை அவசரப்படுத்தினாள். கயிறு விட்ட ஆட்களை வைத்தே மெஷினைப் புரட்டி ஏற்றி, மேலே மூட்டையைப் போட்டு, அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் ஊன்றுகோல் எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது, தொடர்ந்து எலும்பில் எலும்பு படுகிற சத்தம். கைவண்டிக்காரன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"தள்ளுப்பா" என்றாள். யார் முதலில் அடித்தது என்று இந்தத் தடவை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டிவரும்.