விமானந்தாங்கிக்கு நாங்கள் தண்ணீர் ஏற்றிய வெள்ளிக்கிழமை

1. ஐயாவின் கார்த் திறப்பு

எங்கள் பொறுப்பதிகாரி ஐயா ஒரு காலை துறைமுக ஜெட்டிக்கு வந்து, தண்ணீர்ப் படகின் பக்கப் பிளேட்டில் தன் காரைப் பூட்டிய திறப்பால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளங்கை அகலத்தில் துருவேறிய கறல் செதில் ஒன்று உரிந்து அவருடைய சப்பாத்தில் விழுந்தது. அவ்வளவுதான் பரிசோதனை.

"வயசு போச்சுது," என்றார். "உதை இனிக் கொண்டம் பண்ணுறதுதான். மாத முடிவில பழைய இரும்புக்காரன் வருவான்."

கொண்டம் என்றால், இனிப் பாவிக்க ஏலாது என்று எழுதிக் கழித்துவிடுவது.

ஜெட்டிக் குழாயில் நிரப்பிய தண்ணீரை, திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் வேலை. நான் இஞ்சின் டிரைவர். கிளிவெட்டியில் இருந்து வருகிறவன். சுக்கான் பிடிப்பவர் மூதூர் ஜமால்தீன் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். மிச்சத்தை அந்த ஆறு சிலிண்டர் இஞ்சின்தான் படிப்பித்தது. மழை நாளில் அது எப்படி இருமும், எந்த இருமல் சளி, எந்த இருமல் நடிப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். படகு போனால் என்னை வாசல் கொட்டிலில் இருத்தி, வருகிற வாகனங்களின் இலக்கம் எழுதச் சொல்வார்கள். சம்பளம் குறையாது என்று ஐயா ஆறுதல் சொன்னார். செத்தவீட்டில் துக்கம் விசாரிப்பது போல இருந்தது.

எங்களுக்குப் பதிலாக ஒரு புதுப் படகு ஏற்கனவே வந்திருந்தது. அதில் கம்பியூட்டர் திரை உண்டு. வந்த நாள் தொடக்கம் அந்தத் திரை சிவப்பு எழுத்தில் எதையோ காட்டிக்கொண்டே இருந்தபடியால் திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். "புதுசெண்டால் ஆரம்பத்தில அப்பிடித்தான் இருக்கும்," என்றார் ஐயா. அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது எங்கள் படகின் பங்குக்கு வந்திருக்கலாம்.

2. வரவேற்பு

அந்த மாதத்தில்தான் வெளிநாட்டு விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று நல்லெண்ண வருகையாக வந்தது. அது துறைமுகத்துக்குள் நுழைந்தபோது ஊர்மலை ஒன்று எழும்பி இடம் மாறி இருக்க வந்தது போல இருந்தது. சனம் கடற்கரை முழுக்க நின்று பார்த்தது. மிகப் பழைய கப்பல். எத்தனையோ தரம் கழிக்கப் பார்த்து, ஒவ்வொரு தரமும் திருத்தி, ஆயுளை நீட்டி வைத்திருக்கிறார்களாம்.

எங்களுக்குச் சம்பளம் தரும் கந்தோரில் வரவேற்புக் கூட்டம் நடந்தது. ஐயா மாலை போட்டுக்கொண்டு பேசினார்.

"இந்தக் கப்பலுக்கு என்ர வயசு. பாருங்கோ, இண்டைக்கும் என்ன கம்பீரமா நிக்குது! ஏன்? பராமரிப்பு! ஒழுங்காப் பாத்தால் வயசு ஏற ஏற அனுபவம்தான் ஏறும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த ஜமால்தீன் நானா தட்டவில்லை.

"கேட்டீங்களா தம்பி? கப்பல் கிழண்டினா அனுபவமாம். படகு கிழண்டினா கறலாம்."

"மெல்லக் கதையுங்கோ நானா, ஐயாவுக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டுமே. அவருக்கும் கப்பல்ட வயசுதானே. அவர ஆரும் திறப்பால தட்டிப் பாத்தாங்களா?"

சிரிப்பை அடக்க நான் கோணேசப் பெருமானை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

3. மற்றப் பக்கம்

அந்தக் கப்பலில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் உண்டு. வந்த இடத்தில் அது நின்றுவிட்டது. ஒரு நாட்டோடு சண்டை பிடிக்கக்கூடிய கப்பல் குடிக்கத் தண்ணீர் கேட்டு ஆள் அனுப்பியது. புதுப் படகு கொழும்பில். ஐயா அரை ஓட்டமாக ஜெட்டிக்கு வந்தார்.

"இஞ்சின் ஸ்டார்ட் எடுக்குமோ?"

"எடுக்கும் ஐயா."

"தண்ணியில கறல் கிறல் வராதே?"

"வெளியிலதான் ஐயா கறல். டேங்கின்ர உள்பக்கம் சுத்தம்."

"ஒரு துளி கறல் வந்துதோ, மாத முடிவுவரை பாக்கமாட்டன். நாளைக்கே கரையில இழுத்துப் போட்டிடுவன்."

"வராட்டி?" என்று கேட்டார் நானா.

"வராட்டிப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு ஐயாவும் படகில் ஏறிக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி அம்மன் கோயில் மஞ்சள் தண்ணீரை ஒரு சின்னப் போத்தலில் தந்துவிடுவாள். எங்களிடம் முதல் தரம் தண்ணீர் எடுக்கும் கப்பலென்றால், ஹோஸ் வாயின் வெளிப்பக்கம் அதில் ஒரு பொட்டு வைப்பேன். கண்ணூறு படக்கூடாது. கோணேசர் இருக்கும் திசை பார்த்து ஒரு குவளை தண்ணீர் கடலில் ஊற்றுவேன். நானா பிஸ்மில்லா சொல்லி ஹோஸைத் தூக்குவார். "உங்கட கலர்த் தண்ணி முடிஞ்சுதா தம்பி?" என்று ஒவ்வொரு தரமும் பகிடி பண்ணுவார். நான் போத்தலை மூடிப் பக்கத்தில் வைப்பேன்.

கப்பலின் கடல் பார்த்த பக்கத்தில்தான் எங்களை அணையச் சொன்னார்கள். நகரம் பார்த்த பக்கம் புதுப் பெயின்றில் பளபளத்தது. அந்தப் பக்கத்தில் நின்றுதான் சனம் படம் எடுத்தது. நாங்கள் அணைந்த பக்கத்தில், தண்ணீர் வடியும் ஓட்டைகளுக்குக் கீழெல்லாம் கறல் தாரை தாரையாக வழிந்து கிடந்தது. விமானம் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. எங்களுக்குத் தெரிந்த விமானந்தாங்கி அந்தக் கறல் சுவர்தான். ஐயாவும் அண்ணாந்து பார்த்தார். திறப்பை வெளியே எடுக்கவில்லை.

4. போத்தல்

அணைந்த நேரம் பார்த்துப் பம்பின் பெல்ட் நழுவியது. நான் கீழே இறங்கி அதோடு மல்லுக்கட்டினேன். பெல்ட் ஏறியதும் பம்பைப் போட்டுவிட்டு மேலே வந்தேன். கப்பலின் பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட ஒரு இரும்புக் கதவு திறந்திருந்தது. அதில் அவர்களுடைய தலைமை இஞ்சினியர் நின்றார். தலை முழுக்க நரை, கை முழுக்க எண்ணெய். ஏற்றுவதற்கு முன் சாம்பிள் பார்ப்பது வழக்கம். ஹோஸில் இருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தார்.

தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"பாத்தியளோ!" என்று ஐயா துள்ளினார். கவலையில் துள்ளினாரா, சந்தோசத்தில் துள்ளினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "கறல்! நான் அப்பவே சொன்னனான்!"

நானாவைப் பார்த்தேன். அவர் கையில் என் மனைவி தந்த போத்தல் இருந்தது. வெறும் போத்தல்.

"நீங்க பெல்ட்டோட நிண்டீங்க தம்பி," என்று மெல்லச் சொன்னார். "படகுக்கு இண்டைக்கு ஒண்டும் ஆகிடக்கூடாதெண்டு நாந்தான் ஊத்தின. எங்க, எவ்வளவு எண்டு தெரியல்ல. ஹோஸுக்குள்ள முழுக்க ஊத்திட்டன்."

கறல் என்று ஒத்துக்கொண்டால் படகு போய்விடும். மஞ்சள் என்று சொன்னால் குடிதண்ணீரில் கலப்படம் செய்ததாக நாங்கள் இருவரும் போய்விடுவோம். அம்மாளாச்சி, நீயே கதை என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.

"கறல் இல்லை ஐயா, மஞ்சள். கோயில் மஞ்சள்."

"ஊத்தின நான்," என்றார் நானா.

ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கோயில் மஞ்சளை... நானா, நீங்களோ ஊத்தினது?" என்று பேனையை எடுத்தார், திரும்பப் பையில் வைத்தார். இந்தக் குற்றத்துக்குக் கந்தோர்ச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்திருக்காது.

அதற்குள் அந்த இஞ்சினியர் போத்தலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி ஏதோ சத்தம் போட, ஒரு மாலுமி இன்னொரு போத்தல் கொண்டுவந்தான். அவர்களுடைய டேங்கில் மிஞ்சியிருந்த தண்ணீர். பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இங்கிலீசு தெரிந்தவர் ஐயா ஒருவர்தான். ஆகவே அவரே மொழிபெயர்க்க வேண்டி வந்தது.

"என்ன சொல்லுறார் ஐயா?" என்று கேட்டேன்.

ஐயா தொண்டையைச் செருமினார். "உங்கட தண்ணி கறல் இல்லையாம்."

"வேற என்னவோவும் சொன்னாரே?" என்றார் நானா விடாமல்.

"கறல் எப்பிடி இருக்கும் எண்டு தனக்குத் தெரியுமாம். தான் அதுக்குள்ளதான் குடியிருக்கிறாராம்."

ஹோஸைக் கழுவி விட்டோம். அடுத்த சாம்பிள் கண்ணாடி போல வந்தது. பம்ப் ஒரு தரமும் நிற்கவில்லை. இஞ்சின் ஒரு தரம் இருமியது. அது நடிப்பு.

5. ஆயுள் நீடிப்பு

கப்பல்காரர் தங்கள் சின்னம் பொறித்த பலகை ஒன்றை நன்றியாகத் தந்தார்கள். அது ஐயாவின் கதிரைக்குப் பின்னால் தொங்குகிறது. பழைய இரும்புக்காரன் வந்து, பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். "புதுப் படகு வருமட்டும் இது ஓடட்டும்," என்றார் ஐயா. புதுப் படகு இன்னும் கொழும்பில்தான் நிற்கிறது.

போன கிழமை டீவியில் அந்தக் கப்பலைக் காட்டினார்கள். அதற்குப் பதிலாகக் கட்டும் புதுக் கப்பல் முடியவில்லையாம். ஆகவே பழசின் ஆயுளை இன்னும் நீட்டியிருக்கிறார்களாம். எனக்கு அந்த நரைத்த இஞ்சினியர்தான் நினைவுக்கு வந்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் குடும்பத்துக்கு அருச்சனை செய்தபோது அவரையும் நினைத்துக்கொண்டேன். பெயரோ நட்சத்திரமோ தெரியாது. அம்மனுக்குத் தெரிந்திருக்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் படகு இன்னும் ஓடுகிறது என்று பெருமைப்பட வேண்டாம். அதற்கு உங்கள் திறமை கொஞ்சம், தெய்வத்தின் கருணை கொஞ்சம், மிச்சம் புதுசு வந்து சேராததுதான் காரணம். ஓடும்வரை டேங்கின் உள்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருங்கள். மஞ்சளை வெளிப்பக்கம் பூசுங்கள், ஒரு பொட்டுப் போதும்.

மஞ்சள் போத்தலை இப்போது இஞ்சின் அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். திறப்பு நானாவிடம் இருக்கிறது.